ஞாயிறன்று ஓடாத ஓட்டக்காரர்: ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ படத்தைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

1981-இல் வெளிவந்த ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ என்ற பிரிட்டிஷ் திரைப்படத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அதன் கதையை மூன்றே வாக்கியங்களில் சொல்லிவிடுவார்கள். எரிக் லிடெல் என்ற ஸ்காட்லாந்து வீரர், ஒலிம்பிக் 100 மீட்டர் இறுதிப் போட்டி ஞாயிற்றுக்கிழமை வந்ததால் ஓட மறுத்தார். கடைசி நேரத்தில் நண்பர் ஒருவர் விட்டுக்கொடுத்ததால் 400 மீட்டரில் ஓடினார். கடவுளுக்காகத் தங்கத்தை விட்டவருக்குக் கடவுளே இன்னொரு தங்கத்தைக் கொடுத்தார். பிரசங்கங்களிலும் தன்னம்பிக்கைப் பேச்சுகளிலும் சமூக ஊடகப் பதிவுகளிலும் இந்த வடிவத்தில்தான் கதை சுற்றிவருகிறது.

முதல் வாக்கியத்தில் தேதி தவறு. இரண்டாவது வாக்கியம் திரைக்கதையாசிரியரின் கற்பனை. மூன்றாவது வாக்கியம் லிடெலின் நம்பிக்கையையே வேறொன்றாக மாற்றிவிடுகிறது. படம் மிகச் சிறந்த படம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதை முழுமையாக உள்வாங்க ஓய்வுநாள், தகுதிச் சுற்று, அமெச்சூர் விதி, நாடகச் சுருக்கம் ஆகிய சில கருத்துகளைத் தெரிந்துகொள்வது நல்லது. விளையாட்டையோ கிறிஸ்தவத்தையோ முன்பின் அறியாதவரும் தொடர்ந்து வரும்படி அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படமும் அதன் மனிதர்களும்

படத்தை இயக்கியவர் ஹியூ ஹட்சன், தயாரித்தவர் டேவிட் பட்நம், திரைக்கதை எழுதியவர் காலின் வெல்லண்ட், இசையமைத்தவர் வாஞ்செலிஸ். சிறந்த படம், அசல் திரைக்கதை, இசை, ஆடை வடிவமைப்பு என நான்கு ஆஸ்கர் விருதுகளை அது வென்றது. கடற்கரையில் வெள்ளுடை இளைஞர்கள் ஈரமணலைத் தெறிக்கவிட்டு ஓடும் தொடக்கக் காட்சியும், அதன்மேல் மிதக்கும் மின்னணு இசையும் படம் பார்க்காதவர்களுக்குக்கூடத் தெரிந்தவை. கதைப்படி அது இங்கிலாந்தின் கென்ட் கடற்கரை. படம்பிடித்த இடமோ ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரை ஒட்டிய மேற்கு மணற்கரை.

கதையில் இரண்டு நாயகர்கள் இருக்கிறார்கள். ஒருவர் கேம்பிரிட்ஜ் மாணவரான ஹரால்ட் ஆபிரகாம்ஸ். ரஷ்யப் பேரரசின் ஆட்சிப் பகுதியிலிருந்து இங்கிலாந்துக்குக் குடியேறிய யூதரின் மகன். மற்றவர் எரிக் லிடெல். 1902-இல் சீனாவின் தியான்ஜின் நகரில், ஸ்காட்லாந்து மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் பள்ளிகளையும் மருத்துவமனையையும் நடத்திய அதே லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த குடும்பம் அது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஸ்காட்லாந்து ரக்பி அணிக்காக ஏழு முறை ஆடியிருக்கிறார். 1923-இல் பிரிட்டனின் முதன்மையான தடகளப் போட்டியில் 100 கெஜத்தை 9.7 விநாடிகளில் ஓடியவர் என்பதால், 1924 பாரிஸ் ஒலிம்பிக்கின் 100 மீட்டரில் பிரிட்டன் அவரைத்தான் பெரிதும் நம்பியிருந்தது.

ஓய்வுநாள் என்றால் என்ன?

‘ஞாயிறன்று ஓட மாட்டேன்’ என்பதைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு அது கெட்ட நேரம் பார்ப்பது போன்ற ஒன்றாகத் தோன்றும். அந்த நாளில் ஓடினால் ஏதோ தீங்கு வந்துவிடும் என்று அவர் பயந்ததாக எண்ணிக்கொள்வோம். இல்லையென்றால், ஓடுவதையே பாவம் என்று கருதிய கடுமையான மதவாதி என்று முடிவுகட்டுவோம். இரண்டுமே பொருந்தாது.

நமக்குப் பழக்கமான ஒன்றைக்கொண்டு இதை எளிதாக விளங்கிக்கொள்ளலாம். சபரிமலைக்கு மாலை போட்டிருக்கும் ஒருவர், நெருங்கிய உறவினர் வீட்டு அசைவ விருந்தில் கை நனைக்காமல் எழுந்துவருகிறார். அசைவம் அவருக்குப் பாவமன்று. போன மாதம் சாப்பிட்டார், மாலையைக் கழற்றிய பிறகும் சாப்பிடுவார். அந்த 41 நாளும் கெட்ட நாட்களும் அல்ல. அந்த நாட்களை அவர் ஐயப்பனுக்கென்று எடுத்துவைத்துவிட்டார், ஆகவே வழக்கமாகத் தனக்கு உரியவற்றையும் அந்தக் காலத்தில் விலக்கிவைக்கிறார். ‘ஒரு வாய்தானே, சாமி கோபித்துக்கொள்ளவா போகிறார்’ என்று உறவினர்கள் எவ்வளவு வற்புறுத்தினாலும் அவர் அசையாமல் இருப்பதற்குக் காரணம் பயத்தைவிட, கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற உணர்வுதான்.

லிடெலின் ஞாயிறும் அப்படிப்பட்டதுதான். அதைக் கிறிஸ்தவர்கள் ஓய்வுநாள் என்கிறார்கள். வாரத்தின் ஏழு நாட்களில் ஒன்றை உழைப்பிலிருந்தும் சொந்த அலுவல்களிலிருந்தும் விலக்கி, கடவுளுக்கென்று ஒதுக்கும் ஏற்பாடு அது. இதன் வேர் பத்துக் கட்டளைகளில் இருக்கிறது. ‘ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்க நினைப்பாயாக’ என்கிறது யாத்திராகமம். யூதர்கள் வெள்ளி சூரிய மறைவிலிருந்து சனி மாலை வரை இதைக் கடைப்பிடிக்கிறார்கள். பெரும்பாலான கிறிஸ்தவர்கள், இயேசு உயிர்த்தெழுந்த நாள் என்பதால் ஞாயிற்றுக்கிழமையைத் தங்கள் வழிபாட்டு நாளாகக் கொண்டார்கள்.

ஐயப்ப விரதத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. விரதம் ஆண்டில் ஒருமுறை, நாமே தேர்ந்துகொள்ளும் காலம். ஓய்வுநாளோ வாரந்தோறும் வந்துகொண்டிருக்கும், வாழ்நாள் முழுவதற்கும் உரியது. அதிலும் ஸ்காட்லாந்தில் அது தனிமனிதப் பக்தியைத் தாண்டி ஊரின் வழக்கமாகவே மாறியிருந்தது. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்காட்லாந்துத் திருச்சபை ஏற்றுக்கொண்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, அந்த நாள் முழுவதும் உலக அலுவல்களை மட்டுமின்றி, அவற்றைப் பற்றிய பேச்சையும் எண்ணத்தையும் பொழுதுபோக்கையும்கூட விலக்கச் சொன்னது. அதன் தாக்கம் பல தலைமுறைகளுக்கு நீடித்தது. மேற்குத் தீவுகளில் பூங்கா ஊஞ்சல்களை ஞாயிறன்று கட்டிவைக்கும் வழக்கம் 20-ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது.

விளையாட்டு இந்தச் சர்ச்சையில் தற்செயலாக வந்து மாட்டிக்கொள்ளவில்லை. 1618-இலேயே முதலாம் ஜேம்ஸ் அரசர், ஞாயிறு வழிபாடு முடிந்த பிறகு நடனம், வில்வித்தை, தாண்டுதல் போன்றவற்றில் மக்கள் ஈடுபடலாம் என்று இங்கிலாந்து முழுமைக்கும் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். தூய்மைவாதக் கிறிஸ்தவர்கள் அதை எவ்வளவு வெறுத்தார்கள் என்றால், 1643-இல் அதிகாரம் தங்கள் கைக்கு வந்தபோது நாடாளுமன்றத்தின் ஆணைப்படி அந்த அறிவிப்பைப் பொது இடத்தில் எரிக்கச் செய்தார்கள். ஞாயிறன்று விளையாடலாமா என்ற கேள்வி, லிடெலுக்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே அரசரையும் நாடாளுமன்றத்தையும் மோதவைத்த கேள்வி.

படத்தில் இதை மிக நுட்பமாகக் காட்டும் ஒரு காட்சி உண்டு. தேவாலயத்திலிருந்து வெளியே வரும் லிடெலின் முன் ஒரு சிறுவன் பந்தை உதைத்துக்கொண்டிருக்கிறான். இன்று பந்து விளையாடும் நாள் இல்லை என்று அவர் கனிவாகச் சொல்கிறார். அதோடு அவனை அனுப்பிவிடாமல், மறுநாள் காலையில் தான் கிளம்புவதற்குமுன் அவனோடு ஆடுவதாக வாக்களிக்கிறார். ஆட்டத்தின்மீது அவருக்கு எந்த வெறுப்பும் இல்லை, அந்த நாள் வேறொருவருக்கு உரியது, அவ்வளவுதான்.

இதுவரை பார்த்ததன் சாரம் இது: ஓய்வுநாள் கெட்ட நாள் அன்று, ஓட்டம் பாவமும் அன்று. ஒதுக்கிக் கொடுத்துவிட்ட நாளைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்ததே லிடெல் செய்தது.

ஒரு சுற்றைத் தவறவிட்டால் ஏன் பதக்கமே போகிறது?

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் இறுதிப் போட்டி நடந்தது ஜூலை 7, திங்கட்கிழமை. ஞாயிறன்று அது நடக்கவேயில்லை. அப்படியென்றால் லிடெல் ஏன் ஓட முடியவில்லை?

ஒலிம்பிக் போன்ற பெரும் போட்டியில் பல நாடுகளிலிருந்தும் வரும் ஓட்டக்காரர்கள் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஓடவிட முடியாது. எனவே அவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து ஓடவிட்டு, ஒவ்வொரு குழுவிலும் முன்னால் வருபவர்களை மட்டும் அடுத்த கட்டத்துக்கு அனுப்புவார்கள். இந்தத் தொடக்க ஓட்டங்களே தகுதிச் சுற்று. பாரிஸில் 100 மீட்டருக்கு முதல் சுற்றும் காலிறுதியும் ஜூலை 6, ஞாயிறன்று நடந்தன. அரையிறுதியும் இறுதியும் மறுநாள் நடந்தன. ஞாயிறன்று களத்துக்கு வராதவரின் பெயர் திங்களன்று பட்டியலில் இருக்காது. எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் முதல் சுற்றைத் தாண்டி நேரே இறுதிக்குப் போக வழியில்லை.

இதே பாரிஸில் 24 ஆண்டுகளுக்குமுன் நடந்த ஒரு நிகழ்ச்சி, போட்டி அட்டவணை எப்படி ஒருவரின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது என்பதைக் காட்டுகிறது. 1900 ஒலிம்பிக்கின் நீளம் தாண்டுதலில் அமெரிக்காவின் மையர் பிரின்ஸ்டைன் சனிக்கிழமை தகுதிச் சுற்றில் 7.175 மீட்டர் தாண்டி முதலிடத்தில் இருந்தார். இறுதிச் சுற்று ஞாயிறன்று. மெதடிஸ்ட் திருச்சபையைச் சார்ந்த அவருடைய சிரக்யூஸ் பல்கலைக்கழகம், ஞாயிறன்று போட்டியிட அவருக்கு அனுமதி தரவில்லை. சக அமெரிக்கரான ஆல்வின் கிரென்ஸ்லைன் ஞாயிறன்று வந்து 7.185 மீட்டர் தாண்டினார். ஒரு சென்டிமீட்டரில் தங்கம் கைமாறியது. இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிரின்ஸ்டைன் ஒரு யூதர். தன் மரபின் ஓய்வுநாளான சனிக்கிழமையில் தாண்டிவிட்டு, பிறர் மரபின் ஓய்வுநாளுக்காகத் தங்கத்தை இழந்தவர் அவர். தானே முடிவெடுத்து விலகிய லிடெலையும், பிறர் தடுத்ததால் விலகிய பிரின்ஸ்டைனையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் லிடெலின் முடிவில் இருந்த சுதந்திரம் நமக்குப் புலப்படும்.

100-உம் 400-உம்: இரண்டும் ஓட்டம்தான், ஆனால்

‘100 மீட்டரில் ஓடவில்லை, 400 மீட்டரில் ஓடினார்’ என்று சொல்லும்போது, பேருந்து கிடைக்காமல் ரயிலில் போனதைப் போல எளிதான மாற்றமாக அது ஒலிக்கிறது. ஓட்டத்தை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு கடினமானது என்று தெரியும்.

உடல் முழு வேகத்தில் இயங்கும்போது, தசைக்குள் தயாராக இருக்கும் உடனடி எரிபொருள் சில விநாடிகளிலேயே பெருமளவு தீர்ந்துவிடுகிறது. பத்து, பதினொரு விநாடிகளில் முடிந்துவிடும் 100 மீட்டருக்கு அது ஏறக்குறையப் போதும். 400 மீட்டருக்குப் போதாது. மீதித் தூரத்துக்கு உடல், சேமித்துவைத்த சர்க்கரையை, போதிய ஆக்சிஜன் வந்துசேரும் வரை காத்திராமல், அவசர அவசரமாக உடைத்து ஆற்றலை எடுக்கிறது. அதன் விளைவாகத் தசைகளில் அமிலத்தன்மை ஏறுகிறது. கடைசி 100 மீட்டரில் கால்கள் இரும்பாகக் கனக்கின்றன, கை வீச்சு சுருங்குகிறது, தலை பின்னால் சாய்கிறது. ஆகவே 400 மீட்டர் ஓடுபவர் முற்பாதியில் கொஞ்சம் அடக்கி ஓடிப் பிற்பாதிக்குச் சேமித்துவைக்க வேண்டும் என்பது அன்றைய பொது அறிவு.

ஜூலை 11, வெள்ளிக்கிழமை இறுதிப் போட்டியில் லிடெலுக்குக் கிடைத்தது வெளிப்புற ஓடுபாதை. வளைவில் எல்லோரும் சமதூரம் ஓட வேண்டும் என்பதற்காக, வெளிப்பாதையில் இருப்பவரை முன்னால் தள்ளி நிறுத்துவார்கள். அதனால் மற்றவர்கள் அவரைப் பார்த்துக்கொண்டே ஓடலாம், அவரால் யாரையும் பார்க்க முடியாது. தான் வேகமாகப் போகிறோமா, மெதுவாகப் போகிறோமா என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியே இல்லாத இடம் அது. லிடெல் அதைப் பொருட்படுத்தாமல் துப்பாக்கி வெடித்த கணத்திலிருந்தே முழு வேகத்தில் புறப்பட்டார். முதல் 200 மீட்டரை அவர் 22.2 விநாடிகளில் கடந்ததாகப் பதிவாகியிருக்கிறது. இரண்டு நாட்களுக்குமுன் 200 மீட்டர் இறுதியில் வெண்கலம் வென்றபோது அவர் எடுத்துக்கொண்ட நேரம் 21.9 விநாடிகள். அதாவது, இன்னும் 200 மீட்டர் மீதமிருப்பது தெரிந்தும், ஏறக்குறைய தன்னுடைய 200 மீட்டர் பந்தய வேகத்திலேயே முற்பாதியை ஓடியிருக்கிறார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர் கடைசி நேர்ப்பாதையில் சோர்ந்து சரிந்துவிடுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் சரியவில்லை. 47.6 விநாடிகளில் முடித்து ஒலிம்பிக் சாதனை படைத்தார். அன்றே அரையிறுதியில் 47.8 விநாடி ஓடியிருந்த அமெரிக்காவின் ஹொரேஷியோ ஃபிட்ச் 48.4 விநாடிகளில் இரண்டாவதாக வந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து ஆம்ஸ்டர்டாமில் இதே போட்டியில் தங்கம் வென்றவரின் நேரம்கூட 47.8தான்.

இப்படிப்பட்ட ஓட்டம் ஓரிரு நாள் அவகாசத்தில் வருவதன்று. போட்டி அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது. லிடெல் அப்போதே தன் முடிவைச் சொல்லிவிட்டு, 200 மீட்டருக்கும் 400 மீட்டருக்கும் பயிற்சி எடுத்தார். ஒலிம்பிக்குக்கு முந்தைய வாரங்களில் பிரிட்டனின் 440 கெஜப் போட்டியையும் வென்றிருந்தார்.

ஆக, ஞாயிறன்று இருந்தது தகுதிச் சுற்று. மறுப்பு எழுந்தது மாதங்களுக்கு முன்பு. 400 மீட்டர் தற்செயலாகக் கிடைத்த வாய்ப்பன்று, திட்டமிட்டு உழைத்துச் சேர்ந்த இடம்.

நாடகச் சுருக்கம்: படம் ஏன் மாற்றியது?

வரலாற்றுப் படங்கள் பல மாதங்களில், பல இடங்களில், பலருக்கு நடந்தவற்றை ஒரே காட்சியில், ஒரே மனிதர்மேல் ஏற்றிக் காட்டுவதை நாடகச் சுருக்கம் எனலாம். இது பொய் சொல்வதிலிருந்து வேறுபட்டது, ஆனால் ஆவணத்தைப் போல நம்பக்கூடியதும் அன்று.

இந்தப் படத்தில் அதற்கு எடுத்துக்காட்டுகள் ஏராளம். பாரிஸுக்குக் கப்பலேறும் இடத்தில்தான் லிடெல் ஞாயிறு அட்டவணையைப் பற்றி அறிகிறார். வேல்ஸ் இளவரசரும் பிரபுக்களும் ஓர் அறையில் அவரைச் சுற்றி உட்கார்ந்து நாட்டுக்காக ஓடச் சொல்லி நெருக்குகிறார்கள். அப்போது லார்டு லிண்ட்சே என்ற பிரபு உள்ளே வந்து தன் 400 மீட்டர் இடத்தை விட்டுத்தருகிறார். அந்த அறையின் உரையாடல் திரைக்கதையின் ஆக்கம். லிண்ட்சே கற்பனைப் பாத்திரம், லார்டு பர்லி என்ற உண்மையான தடை ஓட்ட வீரரின் சாயலில் உருவாக்கப்பட்டவர். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் பெரிய முற்றத்தை, மணிக்கூண்டு பன்னிரண்டு அடித்து முடிப்பதற்குள் ஆபிரகாம்ஸ் சுற்றிவருவதாகப் படம் காட்டுகிறது. அதை 1927-இல் உண்மையிலேயே செய்தவர் பர்லிதான். லிடெல் தடுக்கி விழுந்து, எழுந்து ஓடி, முதலில் வரும் ஓட்டம் மட்டும் கற்பனை போலத் தோன்றினாலும் நடந்ததுதான். 1923 ஜூலையில் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரில், இங்கிலாந்தும் அயர்லாந்தும் கலந்துகொண்ட 440 கெஜப் போட்டியில் அது நிகழ்ந்தது. படம் அதைப் பிரான்ஸுக்கு எதிரான போட்டியாக மாற்றியிருக்கிறது. தங்கை ஜென்னி, ஓட்டம் அண்ணனைக் கடவுளிடமிருந்து விலக்கிவிடும் என்று அஞ்சுவதும் படத்தின் தேவைக்காக வந்தது. உண்மையான ஜென்னி அவர் ஓடுவதை எதிர்த்தவரில்லை.

தங்கையிடம் லிடெல் சொல்லும் புகழ்பெற்ற வசனத்துக்கும் இதே நிலைதான். கடவுள் தன்னை வேகமாகப் படைத்தார், ஓடும்போது அவருடைய மகிழ்ச்சியைத் தான் உணர்வதாகப் படத்தில் சொல்கிறார். இன்று இணையத்தில் லிடெலின் பொன்மொழியாகவே அது பகிரப்படுகிறது. அதை எழுதியவர் காலின் வெல்லண்ட். லிடெலின் மனத்தை அது அழகாகப் பிடித்திருக்கிறது என்று நானும் நினைக்கிறேன். ஆனால் அவர் பெயரில் மேற்கோளாகப் போடுவது சரியாகாது.

இந்த மாற்றங்கள் ஏன் தேவைப்பட்டன என்பதை ஊகிப்பது கடினமில்லை. ஒரு மனிதர் தன் அறையில் அட்டவணையைப் படித்து, ‘இதில் நான் இல்லை’ என்று அமைதியாகச் சொல்லிவிட்டு, குளிர்காலம் முழுவதும் வேறொரு தூரத்துக்குப் பயிற்சி எடுப்பதைக் கேமராவால் பரபரப்பாகக் காட்ட முடியாது. எதிரே அதிகாரம் உட்கார்ந்திருந்தால்தான் மறுப்பு கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலான மாற்றங்களை என்னால் ஏற்க முடிகிறது. லிண்ட்சே இடத்தை விட்டுத்தரும் காட்சியை மட்டும் ஏற்க முடியவில்லை. அது லிடெலை அதிர்ஷ்டசாலியாக்கி, அவருடைய மாதக்கணக்கான உழைப்பை ஒரு பிரபுவின் பெருந்தன்மைக்குக் கடனாளியாக்கிவிடுகிறது.

ஆபிரகாம்ஸின் நம்பிக்கை

இந்தப் படத்தில் மதம் என்றால் லிடெலின் பக்தி மட்டுமே என்று எண்ணுவதும் பரவலான பிழை. ஆபிரகாம்ஸுக்கு மதம் என்பது வழிபாட்டைக் காட்டிலும், பிறர் தன்மேல் ஒட்டிய அடையாளம். கேம்பிரிட்ஜில் எல்லாக் கதவுகளும் அவருக்குத் திறந்திருப்பதுபோல் தோன்றினாலும், உள்ளே போனபின் ஒரு பார்வையோ ஒரு சொல்லோ அவரை வெளியாளாக நிறுத்துகிறது. வென்றால் அந்தப் பார்வை மாறும் என்று அவர் ஓடுகிறார். லிடெல் ஏற்கெனவே தான் ஏற்றுக்கொள்ளப்பட்டவன் என்ற நிம்மதியில் ஓடுகிறார். படத்தின் ஆழமே இந்த எதிர்நிலையில்தான் இருக்கிறது.

இங்கே அமெச்சூர் விதியையும் சொல்லியாக வேண்டும். பணத்துக்காக விளையாடாதவரே அமெச்சூர். அன்றைய ஒலிம்பிக் அவர்களுக்கு மட்டுமே உரியது. விதி வீரர்கள் பணம் பெறுவதைத்தான் தடுத்தது. ஆனால் உயர்குடியினர் அதை இன்னும் நீட்டி, பணம் கொடுத்துப் பயிற்சியாளரை அமர்த்திக்கொள்வதே கண்ணியக் குறைவு என்று கருதினார்கள். ஆபிரகாம்ஸ், சாம் முசபினி என்ற தொழில்முறைப் பயிற்சியாளரை அமர்த்திக்கொண்டார். அதற்காகக் கல்லூரித் தலைவர்கள் இருவர் விருந்துமேசையில் அவரை நாசூக்காகக் கண்டிக்கும் காட்சி, படத்தின் மிகக் கூர்மையான காட்சிகளில் ஒன்று. முசபினி நாணயங்களை மேசைமேல் வரிசையாக வைத்து, அளவுக்கு மீறி எட்டி அடிவைப்பதுதான் உன் குறை என்று விளக்குவதும் நினைவில் நிற்கும். 100 மீட்டர் இறுதிப் போட்டி நாளில் முசபினி அரங்கத்துக்குள் போகாமல் விடுதி அறையில் காத்திருக்கிறார், ஜன்னல் வழியே பிரிட்டிஷ் கொடி ஏறுவதைப் பார்த்துத் தன் வைக்கோல் தொப்பியைக் குத்திக் கிழிக்கிறார்.

ஆபிரகாம்ஸ் 10.6 விநாடிகளில் 100 மீட்டரை வென்று, ஒலிம்பிக்கில் அந்தத் தங்கத்தைப் பெற்ற முதல் ஐரோப்பியர் ஆனார். அதே போட்டியில் வெண்கலம் வென்ற நியூசிலாந்தின் ஆர்தர் போரிட் தன் பெயரைப் படத்தில் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அவர் டாம் வாட்சன் என்ற பெயரில் வருகிறார்.

வெற்றி கூலியா?

படத்தில் 400 மீட்டர் இறுதிக்குமுன் அமெரிக்க வீரர் ஜாக்சன் ஷோல்ஸ் ஒரு சீட்டை லிடெலின் கையில் கொடுக்கிறார். ‘என்னைக் கனம்பண்ணுகிறவர்களை நான் கனம்பண்ணுவேன்’ என்ற வேதாகமக் கருத்து அதில் இருக்கிறது. உண்மையில் அந்தச் சீட்டைக் கொடுத்தவர் பிரிட்டிஷ் அணியின் உடல்பிடித்துவிடும் பணியாளர்களில் ஒருவர். படத்தில் அவர் மறைந்து, நட்சத்திர எதிராளி வந்துவிட்டார். அதைவிட முக்கியமானது, சீட்டுக்கு அடுத்த காட்சியிலேயே வெற்றி வருவதால், விட்டதற்குக் கூலியாகப் பெற்றது போன்ற எண்ணம் பார்வையாளர் மனத்தில் பதிந்துவிடுகிறது.

அந்த எண்ணத்தைக் கலைக்கப் படம் காட்டாத ஒரு தேதி போதும். 4×100, 4×400 தொடர் ஓட்டங்களின் இறுதிகள் ஜூலை 13 அன்று நடந்தன. அதுவும் ஞாயிறு. தங்கம் வென்று இரண்டே நாள் ஆகியிருந்தது. ஊரே கொண்டாடிக்கொண்டிருந்த வேளையில் இன்னும் இரு பதக்கங்களுக்கு வாய்ப்பிருந்தும் லிடெல் அந்த அணிகளில் இல்லை. முதல் தொடர் ஓட்டத்தில் பிரிட்டன் வெள்ளியும், இரண்டாவதில் வெண்கலமும் பெற்றது. இந்த மறுப்புக்கு ஈடாக வேறெந்தப் பந்தயமும் அவருக்குக் கிடைக்கவில்லை. 400 மீட்டரில் அவர் கடைசியாக வந்திருந்தாலும் முதல் ஞாயிறின் முடிவு அதே முடிவாகத்தான் இருந்திருக்கும் என்பதற்கு இந்த இரண்டாவது ஞாயிறே சான்று.

இதே நெருக்கடி பிற்காலத்தவருக்கும் வந்தது. பிரிட்டனின் மும்முறைத் தாண்டல் வீரர் ஜோனதன் எட்வர்ட்ஸ், ஞாயிறு காரணமாக 1991 உலகப் போட்டியில் கலந்துகொள்ளவில்லை. 1993-இல் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டார், 1995-இல் 18.29 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்தார். ஞாயிறை விட்டவரும் வென்றார், விடாதவரும் வென்றார். பதக்கத்தை வைத்து இந்தக் கேள்விக்கு விடை காண முடியாது.

பாரிஸுக்குப் பிறகு

படம் பாரிஸோடு முடிந்து, லிடெல் சீனாவில் இறந்ததை ஒரு குறிப்பாக மட்டும் சொல்கிறது. அவர் 1925-இல் தியான்ஜினுக்குத் திரும்பி, அங்கிருந்த ஆங்கிலோ-சீனக் கல்லூரியில் அறிவியல் ஆசிரியரானார். ஓடி ஈட்டக்கூடிய புகழின் உச்சியில் இருந்தபோது எடுத்த முடிவு அது. ஜப்பானியப் படையெடுப்பு தீவிரமானபோது, 1941-இல் மனைவி ஃபிளாரன்ஸையும் பிள்ளைகளையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டுத் தான் அங்கேயே தங்கினார். 1943 முதல் ஷான்டாங் மாகாணத்தின் வெய்ஷியன் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். முகாமில் சிறுவர் சிறுமியர் பலர் பெற்றோரைப் பிரிந்து இருந்தார்கள். அவர்களுக்குப் பாடமும் விளையாட்டும் சொல்லிக்கொடுப்பது லிடெலின் வேலையாயிற்று. ஞாயிறன்று ஆட்டம் கூடாது என்ற தன் பழைய வழக்கத்தை அங்கும் முதலில் விடவில்லை. ஆனால் கண்காணிக்க ஆளில்லாமல் ஞாயிறன்று ஹாக்கி ஆடிய பிள்ளைகள் சண்டையில் இறங்கிவிட்டதைப் பார்த்தபின், அடுத்துவந்த ஞாயிறுகளில் அவரே விசிலோடு நடுவராக நின்றதாக உடனிருந்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

இளவரசருக்காகவும் நாட்டுக்காகவும் தங்கத்துக்காகவும் தளர்த்தாத ஒன்றை, முள்வேலிக்குள் இருந்த பிள்ளைகளுக்காக அவர் தளர்த்தினார். ‘மனுஷன் ஓய்வுநாளுக்காக உண்டாக்கப்படவில்லை, ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது’ என்று மாற்கு சுவிசேஷத்தில் இயேசு சொல்லும் வாக்கியம் லிடெல் நன்கறிந்த வாக்கியம்தான். தனக்குப் புகழ் சேர்க்கும் ஓட்டத்தை மறுத்த அதே நம்பிக்கை, பிறருக்குத் தேவைப்பட்டபோது களத்தில் இறங்கி நிற்கவும் சொன்னது. 1945 பிப்ரவரி 21 அன்று, விடுதலைக்குச் சில மாதங்களுக்குமுன், மூளைக் கட்டியால் அதே முகாமில் அவர் காலமானார். வயது 43. பந்தோடு நின்ற சிறுவனிடம் அவர் பேசும் காட்சியை வெறும் கண்டிப்பு என்று எடுத்துக்கொண்டவர்கள், வெய்ஷியனின் ஹாக்கி ஆட்டத்தைத் தெரிந்துகொண்ட பிறகு படத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.